சுருதி சேராத மாடி அக்கா

மாடி அக்கா பாடத் தொடங்கினால் எங்கள் தெரு நாய் எழுந்து நாலு வீடு தள்ளிப் போய்ப் படுத்துக்கொள்ளும். கேலிக்குச் சொல்லவில்லை. அக்காவே அதைக் காட்டிச் சிரிப்பாள். "பாத்தியா பாப்பா, அதுக்குக்கூட சங்கீதம் தெரியுது." ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பிட்ட களைப்பில் தெருவே கண்ணயர்ந்திருக்கும்போது, மொட்டை மாடியை ஒட்டிய ஒற்றை அறையிலிருந்து மைக் வழியாக அவள் குரல் இறங்கி வரும். மேலே ஏற வேண்டிய இடத்தில் கீழே போகும். நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் ஓடும். ஆனாலும் பாட்டு முடியும்வரை ஓயாது. அப்படி ஒரு தைரியத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்கள் அவை. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் புதிது புதிதாகக் கம்பெனிகள் வந்துகொண்டிருந்தன. இரும்பு உருக்கும் ஆலையில் வேலை பார்த்த அப்பா, கடன் வாங்கி மாடியில் ஓர் அறை கட்டி வாடகைக்கு விட்டார். வண்டிகளுக்கு வயர் கட்டும் கம்பெனியில் ஒப்பந்த வேலைக்கு வந்த மூன்று பெண்கள் குடியேறினார்கள். அவர்களில் மூத்தவள் அக்கா. ஆந்திர எல்லையோரத்து ஊர்க்காரி, தன் அப்பாவை நைனா என்பாள். மூவரும் சேர்ந்து ஒரு டிவிடி பிளேயர் வாங்கினார்கள். அதன் முகப்பில் மைக் செருக இரண்டு துளைகள் இருந்தன. கரோக்கி டிஸ்க்கைப் போட்டால் பாடகர் குரல் இல்லாமல் இசை மட்டும் வரும். டிவியில் பாட்டு வரிகள் ஓடும். எந்தச் சொல்லைப் பாட வேண்டுமோ அது நிறம் மாறும். எங்கள் தெருவுக்கு அது பெரிய அதிசயம்.

அப்போது நான் எட்டாவது படித்துக்கொண்டிருந்தேன். ஆண்டு விழாவுக்குக் கோரஸ் பாட எங்கள் வகுப்புப் பெண்களை நிறுத்தியிருந்தார்கள். ஒத்திகையின் நடுவே பாட்டு டீச்சர் என் பக்கம் வந்து, தோளில் கை வைத்து, "நீ வாயை மட்டும் அசைம்மா, சத்தம் வர வேணாம்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். கனிவாகச் சொன்னார். விழா மேடையில் புதுப் பாவாடை கட்டிக்கொண்டு சத்தமில்லாமல் வாயசைத்தேன். அம்மா கீழே இருந்து கைதட்டினாள். அதற்குப் பிறகு வகுப்பில் செய்யுள் ஒப்பிக்கச் சொன்னாலும் எனக்குக் குரல் எழவில்லை. தெரிந்த பாட்டையே தெரியாது என்று சொல்லி அடி வாங்கிக்கொள்வேன். "இன்னாடி, கேட்டா பதில் சொல்லாம ஊமையாட்டம் நிக்கிற?" என்று அம்மா திட்டுவாள். காரணத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பைக் கிண்ணத்தில் ஊற்றி, மாடியில் கொடுத்துவிட்டு வரச் சொன்னாள் அம்மா. அக்கா கிண்ணத்தை வாங்கிக்கொண்டு மைக்கை நீட்டினாள். நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். கூட இருந்த இரண்டு பெண்களும் "பாடு, பாடு" என்று பிடித்துக்கொண்டார்கள். என் முகத்தில் எதைப் பார்த்தாளோ, அக்கா அவர்களை அதட்டி அடக்கினாள்.

"அவளை உடுங்கடி. நீ பாட வேணாம் பாப்பா. நான் எங்க தப்பு பண்றேன்னு மட்டும் சொல்லு."

அது சுலபமான வேலைதான். அவள் தப்பில்லாமல் பாடிய இடமே இல்லை. முதல் வரியிலேயே கையைத் தூக்கினேன். "இன்னா தப்பு?" என்றாள். எப்படிச் சொல்வது? சுருதி, ஸ்வரம் என்றெல்லாம் எனக்கு எதுவும் தெரியாது. "அப்படி இல்லக்கா, இப்படி" என்று அந்த அரை வரியைப் பாடிக் காட்டினேன். பாடிய பிறகுதான் பாடிவிட்டேன் என்பதே உறைத்தது. உடம்பெல்லாம் சூடாகிவிட்டது. யாரும் கைதட்டவில்லை. அக்கா புருவத்தைச் சுருக்கிக்கொண்டு, "புரியல, இன்னொரு வாட்டி காட்டு" என்றாள். இன்னொரு வாட்டி காட்டினேன். அவளுக்கு அப்போதும் வரவில்லை.

அதிலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மாடிக்குப் போனேன். டிஸ்க்கில் இருந்த பாட்டுகளை அக்கா தனக்குத் தெரிந்த வகையில் பிரித்தாள். சரணத்தில் உச்சிக்குப் போகும் பாட்டு வந்தால், "இதுக்கு ஏணி வெச்சு ஏறணும், வேணாம்" என்று தாண்டிவிடுவாள். சொற்களைக் கொட்டி ஓடும் பாட்டையும் ஒதுக்கிவிடுவாள். தாலாட்டு மாதிரி ஆடி அசைந்து போகிற பாட்டு, பேச்சைக் கொஞ்சம் இழுத்தாற்போல இருக்கும் பாட்டு, ஒரே பல்லவி திரும்பத் திரும்ப வரும் பாட்டு, இவைதான் எங்களுக்கு. ஜோடிப் பாட்டில் ஏற்றமான வரிகளை அவள் எடுத்துக்கொண்டு நாசம் செய்வாள், சமதரை வரிகளை எனக்கு விடுவாள். "மூச்சு வாங்க நேரம் குடுக்குது பாரு, அதான் நல்ல பாட்டு" என்பாள். முதலில் கேசட்டில் அசல் பாட்டை ஓடவிட்டு அதன் மறைவில் பாடுவோம். பழகிய பிறகுதான் கரோக்கி.

அந்த பிளேயரில் சுருதியை ஏற்றி இறக்க ஒரு பட்டன் இருந்தது. ஒரு நாள் அக்கா அதை விளையாட்டாக அழுத்திக்கொண்டே போக, இசை கனத்து, தாழ்ந்து, ஓர் இடத்தில் என் குரலோடு வந்து உட்கார்ந்தது. என் குரல் தடித்த குரல், கீழே ஓடும் குரல். பள்ளியில் நன்றாகப் பாடும் பெண்களுக்கு வசதியான சுருதியில் எல்லோரையும் பாட வைத்தார்கள். நான் எட்டிப் பிடிக்கப் போய்க் கீறலாகக் கத்தியிருக்கிறேன், அவ்வளவுதான். இது புரிந்தபோது எனக்கு மகிழ்ச்சி வரவில்லை, அழுகைதான் வந்தது. கோரஸ் கதையை அன்றுதான் அக்காவிடம் சொன்னேன். "வாய மட்டும் அசைக்கிறதுக்கு நீ இன்னா தொட்டி மீனா?" என்றாள். அழுதுகொண்டே சிரித்தேன்.

அடுத்து வந்த பொங்கலுக்குத் தெருப் பையன்கள் பாட்டுப் போட்டிக்கு மேடை போட்டார்கள். அக்கா என்னைக் கேட்காமலே எங்கள் இருவர் பெயரையும் கொடுத்துவிட்டாள். மேடை ஏறியதும் அக்காவை ஒட்டி நின்றுகொண்டேன். பல்லவி ஒருவாறு போயிற்று. சரணத்தில் டிஸ்க் சிக்கிக்கொண்டது. இசை விக்கிவிக்கி நின்றே போனது. கூட்டத்தில் சிரிப்பு. நான் இறங்க ஒரு கால் எடுத்து வைத்தேன். அக்காவோ இசை நின்றதே தெரியாதவள் போலப் பாடிக்கொண்டிருந்தாள், வழக்கம்போல எங்கோ. சிரிப்பு பெருத்தது. அவளை அப்படித் தனியாக விட எனக்கு மனம் வரவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு சரியான இடத்திலிருந்து பாடினேன். அக்கா என் வாயைப் பார்த்துப் பார்த்து, தட்டுத் தடுமாறி, என் குரலுக்கு அருகே வந்து சேர்ந்தாள். சிரிப்பு அடங்கியது. பரிசு எங்களுக்கு இல்லை. அம்மா மட்டும் வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தாள்: "இத்தினி நாளா எங்கடி வெச்சினு இருந்த இந்தக் குரல?"

பிறகு கம்பெனியில் ஆர்டர் குறைந்தது. ஒப்பந்தப் பெண்களை முதலில் நிறுத்தினார்கள். அக்காவின் நைனா வந்து சாமான்களை மூட்டை கட்டினார். ஊரில் மாப்பிள்ளை பார்த்துவிட்டதாகச் சொன்னார். பேருந்து ஏறும்போது அக்கா, "இனிமே எனக்கு யாரு தப்பு சொல்லுவாங்க?" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். செல்போன் எல்லோர் கைக்கும் வராத காலம். கொஞ்ச நாளிலேயே எங்கள் தொடர்பு விட்டுப்போயிற்று.

சென்ற ஆண்டு பொன்னேரியில் ஓர் உறவினர் திருமணத்துக்குப் போயிருந்தேன். பந்தியில் உட்கார்ந்திருந்தபோது வரவேற்பு மேடையிலிருந்து கரோக்கிப் பாட்டு கேட்டது. மேலே போக வேண்டிய இடத்தில் கீழே போனது. கையைக்கூடக் கழுவாமல் ஓடினேன். அக்காவேதான். உடம்பு பருத்து, முன்தலை நரைத்து, மாப்பிள்ளை வீட்டுச் சொந்தமாக மைக்கோடு நின்றிருந்தாள். என்னைக் கண்டதும் பாட்டினூடே கண்களை அகல விரித்தாள். ஆனால் பாட்டை நிறுத்தவில்லை.

மேடைக்குக் கீழே ஒரு சிறுமி, பதின்மூன்று வயது இருக்கும், துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு நின்றாள். கண்கள் அக்காவின் கண்கள். பக்கத்தில் போய் நின்று, "உங்க அம்மாவா?" என்றேன்.

"ஆமா ஆன்ட்டி. எங்க போனாலும் இப்டிதான் மானத்த வாங்குது. உங்களுக்குத் தெரியுமா அம்மாவ?"

"எங்க வீட்டு மாடியிலதான் குடியிருந்தாங்க."

"அப்பவும் இப்டிதான் பாடுமா?"

"இதவிட மோசமா."

அவள் துப்பட்டாவை இறக்கிவிட்டுச் சிரித்தாள். "நீ பாடுவியா?" என்றேன். "ஐயோ, எனக்கெல்லாம் வராது" என்று ஓரடி பின்னால் போனாள். நான் மேடைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மேடையில் சரணம் தொடங்கியது. அக்கா தன் வழக்கப்படி அதைத் தவறவிட்டாள். "ஐயோ, அப்டி இல்லம்மா" என்று சிறுமி முணுமுணுத்தாள். பிறகு, யாருக்கும் கேட்காது என்று நினைத்திருப்பாள், அந்த வரியைச் சரியாக, மெல்ல, எனக்குப் பின்னால் நின்று பாடினாள். அடுத்த வரியையும் பாடினாள். நான் மேடையையே பார்த்துக்கொண்டு நின்றேன். திரும்பிப் பார்த்தால் நிறுத்திவிடுவாள்.