ரூபஸின் அக்கார்டியனுக்கு லண்டன் விலை

கெசியா டீச்சர் திருத்தணி மிஷன் பள்ளியில் இருபத்திரண்டு வருடமாகக் கணக்கு எடுப்பவள். ஏமாந்தவர்கள் மேல் அவளுக்கு இரக்கம் உண்டு. ஏமாறப் போவதையே பெருமையாகச் சொல்லித் திரிகிறவர்களைக் கண்டால்தான் ஆகாது. அதில் முதல் ஆள் அவள் கணவர் ரூபஸ்.

ஆலயப் பாடகர் குழுவில் வாசிக்கப் போவதாக அறுபதாயிரத்துக்கு ஜெர்மன் அக்கார்டியன் வாங்கிய மனிதர், ஒன்பது வருடத்தில் கற்றது ஒரே பாட்டு. அதிலும் இரண்டாவது சரணத்தில் விரல் நின்றுவிடும். 2006இல் விற்பதென்று முடிவானதும், கடைக்காரர்கள் பன்னிரண்டாயிரத்துக்கு மேல் வாய் திறக்கவில்லை. பஸ் நிலையத்தருகே நெட் சென்டர் வைத்திருந்த பக்தவச்சலம், நாற்பதாயிரம் என்று விலை போட்டு ஒரு இணையதளத்தில் விளம்பரம் ஏற்றினான்.

தளத்தின் விதிகளை அச்செடுத்து வாங்கி, விடைத்தாள் திருத்தும் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தாள் கெசியா. விற்றால் நூற்றுக்கு ஐந்து கமிஷன். படம் போடத் தனிக் காசு. கூரியரில் உடைந்தாலோ, வாங்கியவன் பணம் தராவிட்டாலோ தளம் பொறுப்பல்ல.

"நம்ம கிட்ட அஞ்சு வாங்கிகினு, பொறுப்ப மட்டும் நம்ம தலையில கட்டறான்," என்றாள்.

மூன்றாவது வாரம் லண்டனிலிருந்து ஒருவன் எழுதினான். அறுபதாயிரம் தருகிறானாம். தொண்ணூறாயிரத்துக்குக் காசோலை வருமாம்; மீதி முப்பதாயிரத்தை அவனுடைய லாரி ஏஜெண்டுக்கு உடனே அனுப்பிவிட வேண்டுமாம். ரூபஸ் அதைத் தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்தார்.

"பாக்காத பொருளுக்கு கேட்டதுக்கு மேல தர்றான்னா, அவனுக்கு வேண்டியது அக்கார்டியன் இல்லீங்க. அந்த முப்பதாயிரம்," என்றாள் கெசியா.

வங்கியில் விசாரித்தாள். வெளிநாட்டுக் காசோலை செல்லாதென்று திரும்பி வர வாரக்கணக்கில் ஆகும், அப்படி வந்தால் கணக்கில் வரவு வைத்ததையும் பிடித்துக்கொள்வோம் என்றார்கள். நேரில் வந்து வாசித்துப் பார்த்துப் பணம் கொடுத்து எடுத்துப் போகும்படி லண்டனுக்குப் பதில் போட்டாள். அதோடு சரி. ரூபஸ் இரண்டு நாள் பேசவில்லை. வீடு நிம்மதியாக இருந்தது.

அடுத்த மாதம் விளம்பரத்தைப் பார்த்து, புத்தூரிலிருந்து குருநாதன் என்ற பாட்டு வாத்தியார் பஸ் ஏறி வந்தார். கூடத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் வாசித்தார். அந்தப் பெட்டிக்குள் இவ்வளவு இருந்ததா என்று கெசியா அசந்துபோனாள். ரூபஸ் மோட்டார் போடுவதாகச் சொல்லி எழுந்து போனார். இரண்டு சுரம் சரியில்லை என்று காட்டி முப்பத்துநாலாயிரம் ரொக்கமாகக் கொடுத்தார் குருநாதன். கூரியர் செலவில்லை, உடையும் பயமில்லை. கெசியா சம்மதித்தாள்.

"விக்கலன்னு போட்டுடலாம் டீச்சர், கமிஷன் மிச்சம்," என்றான் பக்தவச்சலம்.

"அந்த விளம்பரம் இல்லன்னா அவர் எப்டி வந்திருப்பாரு? லண்டன்காரனுக்கும் உனக்கும் இன்னா வித்தியாசம்?" என்று கேட்டுவிட்டு, ஆயிரத்து எழுநூறுக்கு டிராஃப்ட் எடுத்து அனுப்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆலய வாசலில், தோள்வலியால்தான் வாத்தியத்தைக் கொடுத்துவிட்டதாக ரூபஸ் ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். மறுக்க வாய் திறந்த கெசியா, இந்தப் பொய்க்காவது கட்டணம் கிடையாதே என்று உள்ளே போய் உட்கார்ந்தாள்.