கரண்ட் வைத்த கை

என் வாழ்நாளில் ஐந்து வாரம் மட்டும்தான் வீட்டுக்குள் செருப்புப் போட்டு நடக்க எனக்கு அனுமதி இருந்தது. பூஜை அறையைத் தாண்டி, ஹவாய் செருப்பு டப் டப்பென்று அடிக்க மகாராணி மாதிரி நடந்தேன். அனுமதி கொடுத்தவள் அப்பாவின் அக்காவான அத்தை. வாசற்படியில் தூசி ஒட்டினாலே இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிற அவள் இவ்வளவு இறங்கி வந்ததற்குக் காரணம், என் சித்தியின் வலது கை.

சித்தி அம்மாவின் தங்கை. நாகர்கோவில் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிக்கல் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். முழங்கைக்குக் கீழே நெல்லிக்காய் அளவில் அவளுக்கு ஒரு கட்டி வந்தது. சதையில் வருகிற, அபூர்வமான வகைப் புற்றுநோய் என்றார்கள். வைத்தியம் திருவனந்தபுரத்தில் என்பதால் கிழக்கேகோட்டையில் இருந்த எங்கள் வீட்டில் வந்து தங்கினாள். முதலில் ஐந்து வாரம் கதிர் சிகிச்சை, கொஞ்ச நாள் தோல் ஆற விட்டுப் பிறகு ஆபரேஷன். கட்டி நரம்புகளை மொத்தமாகப் பிடித்திருந்தால் கையையே எடுக்க வேண்டிவரும் என்று டாக்டர் மறைக்காமல் சொல்லியிருந்தார். அது அவள் எழுதுகிற கை.

கதிர் சிகிச்சை என்று எங்கள் வீட்டில் யாரும் சொல்லவில்லை. ஊரே சொல்வதுபோல ‘கரண்ட் வைக்கிறது’ என்றுதான் பேச்சு. வினை அங்கேதான் பிறந்தது. தினமும் காலையில் பஸ் ஏறிப் போய்க் கரண்ட் வைத்துக்கொண்டு வருகிறவளைத் தொட்டால் என்ன ஆகும் என்று அத்தை யோசித்தாள். சித்திக்குத் தனி பிளாஸ்டிக் நாற்காலி, தனித் தட்டு, தனித் துணிக்கொடி வந்தன. அப்பாவுக்கு அக்காவை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை. அம்மா அத்தைக்குப் பயந்தாள், அத்தை சொன்னதில் பாதியை நம்பவும் செய்தாள். காப்பி கொண்டுபோகிற வேலை எனக்கு. ரப்பர் செருப்போடு போய், மரப்பலகையில் டம்ளரை வைத்துவிட்டு உடனே திரும்பிவிட வேண்டும்.

“குட்டி, கிட்ட போயி ஒட்டாதே கேட்டியா. கரண்ட் வச்ச தேகமாக்கும். இனி ஒரு பத்து திவசம் பொறுத்தாப் போரும்” என்றாள் அத்தை.

மலையாளத்தில் திவசம் என்றால் நாள். தமிழில் செத்தவர்களுக்கு வருஷா வருஷம் செய்வது. அத்தைக்கு இரண்டும் தெரியும், ஆனால் வாய் திருவனந்தபுரத்து வாய். உள் அறையிலிருந்து சித்தியின் குரல் வந்தது.

“மைனி, ஒரு திவசத்துக்கே நான் இன்னும் சம்மதிக்கல்ல. பத்தெல்லாம் வேண்டாம்.”

சமையலறையில் அம்மா சிரித்தாள். உடனே மூக்கை உறிஞ்சுகிற சத்தமும் கேட்டது.

அத்தை கெட்டவள் இல்லை. சித்திக்காகப் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தவள். ஒருவேளை கை போய்விட்டால் என்று, இடது கையால் எழுதிப் பழக ஒரு நாலு கோட்டு நோட்டு வாங்கி வந்தவளும் அவள்தான். சித்தி அதைத் தொடவேயில்லை.

“மெல்லப் பேசுங்க மைனி. வலது கை கேட்டுட்டுக் கிடக்கு.”

எனக்கு அப்போது எட்டு வயது. லீவுக்கு லீவு சித்தியைக் கட்டிக்கொண்டு தூங்கியவள் நான். செருப்புப் பெருமை ஒரு வாரத்தில் தீர்ந்து, கோபம் வர ஆரம்பித்தது. நான்காவது வாரம் அப்பாவின் பெட்டியிலிருந்து டெஸ்டரைத் திருடினேன். பிளக்கில் கரண்ட் இருக்கிறதா என்று பார்க்கிற, உள்ளே குட்டி பல்பு வைத்த திருப்புளி. சித்தியிடம் கரண்ட் இருந்தால் எரியட்டும், எரியாவிட்டால் அத்தையை ஒரு கை பார்த்துவிடுவது என்று தீர்மானம்.

சித்தி தன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கையில், கதிர் படவேண்டிய இடத்துக்கு அடையாளமாக ஆஸ்பத்திரியில் போட்ட, அழிக்கக்கூடாத ஊதாக் கோடுகள். கோடுகளுக்கு நடுவே தோல் சிவந்து கறுத்திருந்தது. டெஸ்டர் முனையை அவளுடைய மணிக்கட்டில் வைத்தேன். அடி விழும் என்று நினைத்தேன்.

“மேல் மூடியில விரல் வைக்கணும் மக்ளே. இல்லன்னா எப்படி எரியும்?”

என் கையை இடது கையால் சேர்த்துப் பிடித்து, விரலை மூடியில் அழுத்தினாள். எரியவில்லை. நான் கையை எடுக்கப் போனேன். “பொறு, நல்லாப் பாத்துருவோம்” என்றாள். என் கை வியர்த்துப்போகும்வரை விடவில்லை. அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. தோல் எரிகிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாலைந்து சொந்தக்காரர்கள் ஆரஞ்சுப் பழத்தோடு அவளைப் பார்க்க வந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் வாசல் ஓரமாகவே உட்கார்ந்தார்கள். சித்தி தன் நாற்காலியை இடது கையால் இழுத்துவந்து கூடத்தின் நடுவில் போட்டாள். டெஸ்டரைக் கேட்டாள். நான் செருப்பைக் கழற்றி வாசலில் வீசிவிட்டு எடுத்து வந்தேன். முதலில் பிளக்கில் வைத்தாள், எரிந்தது. தன் கையில் வைத்தாள், எரியவில்லை.

“மெஷின நிறுத்தினா கதிரும் நின்னுரும். லைட்ட அணைச்ச பொறவு ரூமுக்குள்ள வெளிச்சம் மிச்சம் கிடக்குமா? இது தொட்டா ஒட்டுத சீக்கும் இல்ல. வாங்க மைனி, தொட்டுப் பாருங்க.”

அத்தை நின்ற இடத்திலிருந்தே, “டெஸ்டர் கேடாயிருக்கும்” என்றாள். சித்தி மறுபடியும் அதைப் பிளக்கில் வைத்துக் காட்டினாள். நான் அத்தையை முறைத்துக்கொண்டே சித்தியின் மடியில் ஏறி உட்கார்ந்தேன். தனித் தட்டு இரண்டு நாள் தனியாகவே இருந்தது. மூன்றாம் நாள் அத்தை அதை மற்ற தட்டுகளோடு கழுவிக் கவிழ்த்தாள்.

ஆபரேஷனில் கட்டியையும் சுற்றியிருந்த சதையையும் எடுத்தார்கள். ஒரு நரம்பும் போயிற்று, கை தங்கியது. மோதிர விரலும் சுண்டு விரலும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. மற்ற மூன்றை வைத்துக்கொண்டு இன்றைக்கும் போர்டில் சர்க்யூட் வரைகிறாள். அத்தை வாங்கிய நோட்டை நான்தான் எழுதித் தீர்த்தேன்.

அத்தையை ஜெயித்தது நான் என்று பல வருஷம் பெருமையடித்துக்கொண்டிருந்தேன். பிளஸ் டூ படிக்கும்போது ஒருநாள் வீட்டில் பியூஸ் போய், அதை மாற்றியதும் கரண்ட் வந்துவிட்டதா என்று நானே டெஸ்டரை எடுத்து பிளக்கில் வைத்தேன். எரிவதாக இருந்தால் அது வைத்த நொடியிலேயே எரிந்துவிடும். பொறுத்துப் பார்க்க ஒன்றுமே இல்லை. எலக்ட்ரிக்கல் பாடம் நடத்துகிறவளுக்கு இது தெரியாதா? நான்கு வாரமாக அந்த வீட்டில் அவளை ஒருவரும் தொட்டிருக்கவில்லை. என் கையை அவள் அவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் பல்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.