டோர்காஸ் மதினி கேட்டு நடந்த வழி

டோர்காஸ் எனக்கு மதினி முறை. என் அப்பாவின் அண்ணன் ஈனக் பிரீஸ். அவருடைய மூத்த மகன் ரூபன். ரூபன் கட்டிவந்தவள்தான் டோர்காஸ். வேல்ஸ் எல்லையோர மலையில் ஆட்டுக்காரர் வீட்டுப் பெண். அந்த மலையில் அடுத்தவன் மேய்ச்சலில் கால் வைக்கும் முன் ஒரு வார்த்தை கேட்பார்கள். அந்தப் பழக்கம் அவளோடு எங்கள் ஹாலோகோட்டுக்கும் வந்தது.

எங்கள் ஊர் இரண்டு துண்டு. மேட்டில் கோயிலும் கல்லறைத் தோட்டமும் பஸ் நிற்கும் இடமும். பள்ளத்தில் கீழ்வரிசை, பதினொரு வீடுகள். நடுவில் கின்னர்ஸ்லி பண்ணையின் மூன்று வயல்கள். அவற்றின் குறுக்கே ஒற்றையடிப் பாதை. முதல் மணி அடிக்கும்போது வீட்டை விட்டால், மணி ஓய்வதற்குள் கோயில் பெஞ்சில் உட்கார்ந்துவிடலாம். ரோடு வழியாகச் சுற்றினால் இரண்டு மைல். ஓரம் கிடையாது, கல் லாரிகள் வேலியை உரசிக்கொண்டு போகும்.

மதினி அந்தப் பாதையில் நாற்பத்தொரு வருஷம் நடந்தாள். ரூபனை அந்தக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்த பிறகு தினமும் போனாள். எழுபத்து நாலு வயதில் வலது முழங்கால் வீங்கிவிட்டது. அப்போதும் குறுக்குவழியாகப் போய்வர முடிந்தது.

கின்னர்ஸ்லி குடும்பம் பண்ணையை விற்றது. வாங்கிய லாக்ஸ்டன் பாதையிலிருந்த வயல் கதவுக்குப் பூட்டுப் போட்டார். இருபது வருஷம் ஊர் நடந்த வழி ஊருக்குச் சொந்தம் என்று சட்டம் இருக்கிறதாம். நாங்கள் மனுப் போட்டோம். விசாரணைக்கு ஓர் அதிகாரி வருவதாகக் கடிதம் வந்தது. அத்தனை வருஷம் நடந்ததாகச் சொல்ல உயிரோடு இருந்தது மதினியும் நானும் பெர்சி டக்கும்தான். பெர்சி பாதி நாள் சாராயக் கடையில் கிடந்தவன். நான் இடையில் பதினாறு வருஷம் வெளியூரில் வேலை பார்த்தவன். ஆக, எல்லாம் மதினி தலையில்.

"மதினி, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க" என்றேன்.

"ஏன் வில்ஃப்பு, நான் என்ன கதையா அளக்கப்போறேன்? உங்க வம்சத்துக்குத்தான் அது வரும்."

ஊர் மண்டபத்தில் விசாரணை நடந்தது. மதினி தொப்பி வைத்துக்கொண்டு வந்தாள். எத்தனை வருஷம், எந்த நாள், எந்தக் கதவு என்று அதிகாரி கேட்டதற்கெல்லாம் தடங்கலில்லாமல் சொன்னாள். ஜெயித்துவிட்டோம் என்பதுபோல் பெர்சி என் விலாவில் இடித்தான்.

பிறகு லாக்ஸ்டனின் வக்கீல் எழுந்தார். மரியாதை தெரிந்த பிள்ளை.

"இத்தனை வருஷத்துல யாராச்சும் உங்களைத் தடுத்திருக்காங்களாம்மா?"

"எதுக்குத் தடுக்கணும்? நான் என்ன திருட்டுத்தனமாவா போனேன்? கேட்டுட்டுத்தான போனேன்."

"யார்கிட்டம்மா?"

"பெரியவர் கின்னர்ஸ்லிகிட்ட. கல்யாணமாகி வந்த வாரமே கேட்டேன். 'கீழ்வரிசைக்காரங்க எல்லாரும் போங்கம்மா, கதவை மட்டும் சாத்துங்க, ஆடு வெளிய போயிரும்'னாரு. அவரு போனப்புறம் மகன்கிட்ட. வருஷா வருஷம் செப்டம்பர் கடைசில மைக்கேல்மாஸ் பண்டிகை அன்னிக்கு ஒரு ஜாடி டாம்சன் பழ ஜாம் கொண்டுபோயிக் குடுத்து, 'இந்த வருஷமும் நாங்க போய்க்கிறோம்'னு சொல்லிட்டு வருவேன். ஒரு வருஷம்கூட விட்டதில்ல."

வக்கீல் "நன்றிம்மா" என்று உட்கார்ந்துவிட்டார். அதிகாரியின் பேனா மட்டும் ஓடியது.

கேட்காமல் நடந்திருந்தால்தான் வழி ஊருக்கு உரிமை. கேட்டு நடந்தால் அது பண்ணைக்காரர் காட்டிய தயவு. சட்டம் அப்படி என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். ஜாம் விஷயம் முன்பே தெரியும். அந்த ஜாடிகளை இரண்டு மூன்று வருஷம் நானே சுமந்துபோயிருக்கிறேன். எதற்கு இந்த ஜாம் என்று வாய் திறந்து அவளிடம் ஒரு கேள்வி கேட்கத் தோன்றவில்லை.

"ஜாமுக்குப் பாதையைக் குடுத்துட்டா பாரு" என்றான் பெர்சி வாசலில்.

"நான் ஜாம் கிண்டுறப்ப பாதிய நக்குனவன்தான நீ?" என்றாள் மதினி. சிரிக்கவில்லை. "பொய் சொல்லியிருக்கணுமா வில்ஃப்பு?"

முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டாள்.

பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. பாதை இல்லை. மறுவாரம் லாக்ஸ்டனே மதினி வீட்டுக்கு ஒரு சாவியோடு வந்தார். நானும் அங்கே இருந்தேன்.

"நீங்க மட்டும் போய்க்குங்கம்மா. உங்களைத் தடுக்க எனக்கு மனசில்ல."

"மத்த பத்து வீடு?"

"அது முடியாதும்மா."

"நான் எல்லாருக்கும் சேத்துத்தான் கேட்டேன் ஐயா. சாவிய வச்சுக்குங்க. டீ குடிச்சிட்டுப் போங்க."

அவர் டீ குடித்துவிட்டுச் சாவியோடு போனார். எனக்கு அவள்மேல் கோபம்தான். அந்தக் காலை வைத்துக்கொண்டு என்ன வீம்பு? கேட்டேன்.

"வீம்பு இல்லடா. இனிமே யார்கிட்டயும் போயி ஒண்ணு கேக்க எனக்குத் தெம்பில்ல" என்றாள்.

அந்த ஞாயிறு முதல் மணிக்கு ஒரு மணி நேரம் முன்பே ரோடு வழியாகக் கிளம்பினோம். லாரி வந்தபோதெல்லாம் வேலியோடு ஒட்டி நின்றோம். பாதி வழியில், பழைய ஆலைத் திருப்பத்தில் மதினி ஒரு கல்லில் உட்கார்ந்து காலை நீட்டினாள். மேட்டில் மணி அடிக்கத் தொடங்கியது. அடித்து, ஓய்ந்தது. நாங்கள் இன்னும் அந்தத் திருப்பத்தில்தான் இருந்தோம்.