கரண்டியில் சாப்பிட்ட அம்மா

எங்கள் தோட்டத்தில் சோற்றைக் கரண்டியில் சாப்பிட்டவர்கள் இரண்டே பேர். ஒருவர் மேனேஜரின் மனைவி. இன்னொருவர் என் அம்மா. மேனேஜரின் மனைவியைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை. அம்மாவுக்கு மட்டும் ‘தொரசானி’ என்று பட்டம் கட்டிவிட்டார்கள். கோயில் திருவிழாவில் ஊரே வாழையிலையில் சாம்பாரைக் குழைத்து வெளுத்துக் கட்டிக்கொண்டிருக்கும்போது, அம்மா கைப்பையைத் திறந்து ஒரு கரண்டியை எடுப்பார். சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டு நிதானமாகச் சாப்பிடுவார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்கு மானம் போகும்.

பீடோங் பட்டணத்திலிருந்து உள்ளே தள்ளியிருந்த, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் அது. அப்பா பனங்குலை வெட்டுவார். அம்மா மருந்தடிக்கும் கும்பலில் இருந்தார். களைக்கு ஒரு மருந்து, பூச்சிக்கு ஒரு மருந்து. முதுகில் பம்பைச் சுமந்துகொண்டு மர வரிசைகளுக்கு நடுவே நடந்தபடி அடிக்க வேண்டும். மதியம் வேலை விட்டு வரும்போது லயத்து வரிசை வீடுகளின் பிள்ளைகள் எல்லாம் அவரவர் அம்மாவிடம் ஓடும். நாங்கள் ஓடினால், “கிட்ட வராத, அங்கயே நில்லு” என்று தூரத்திலேயே அதட்டல் வரும். பின்பக்கக் குழாயடியில் சவுக்காரம் தேய்த்துக் குளித்து, வேலைத் துணியைத் தனியாக அலசித் தனிக் கம்பியில் காயப் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குள் கால் வைப்பார். அவ்வளவு குளித்த பிறகும் கை மட்டும் அவர் கணக்கில் சுத்தமாகவில்லை. நகங்கள் வெளுத்து ஓரம் சிதைந்திருக்கும். சமையல் முழுக்க அகப்பையிலேயே நடக்கும். மாவு பிசைவது, தேங்காய் துருவுவது, எனக்கும் தம்பிக்கும் சோறு ஊட்டுவது எல்லாம் அப்பாவின் வேலை.

அப்பா ஊட்டினால் ஊட்டியது போலவே இருக்காது. வாய்க்குள் அடங்காத உருண்டை ஒன்றை உருட்டித் திணித்துவிட்டு, “முழுங்கு, முழுங்கு” என்பார். தம்பிக்கு அதுவே போதும். எனக்குப் போதவில்லை. அம்மா கையால் ஒரு வாய் வேண்டும். சிறுவயது முழுக்க அந்த ஒன்றைத்தான் கேட்டேன். பொம்மை கேட்டு அழுததாகக்கூட நினைவில்லை. “அப்பா கையில வாங்கிக்க பாப்பா” என்பார் அம்மா. அழுதாலும் அதே பதில், அடம் பிடித்தாலும் அதே பதில்.

இதே அம்மாதான் வீட்டுக்குப் பின்னால் பாத்தி கட்டி முருங்கை, பசலை, பொன்னாங்கண்ணி, பாகல், மரவள்ளி என்று வளர்த்தார். ஒரு சொட்டு மருந்து கிடையாது. அடுப்புச் சாம்பலும் மாட்டுச் சாணமும் மீன் கழுவிய தண்ணீரும்தான். வெயில் தாழ்ந்ததும் நானும் தம்பியும் ஆளுக்கொரு பால் டின்னை எடுத்துக்கொண்டு புழு பொறுக்கப் போவோம். நாங்கள் பொறுக்குகிற வேகத்தைவிடப் புழு தின்கிற வேகம் அதிகம். கீரையைப் பறித்து வந்தால் இலையைவிட ஓட்டைதான் கூடுதலாக இருக்கும். நான் சலித்துக்கொண்டால், “புழு தின்னிருக்குல்ல? அப்ப நாமளும் தின்னலாம்” என்பார் அம்மா.

அந்த ஓட்டைக் கீரையைப் பருப்போடு கடைந்து, பக்கத்தில் நெத்திலி வறுத்து வைப்பார். பாகற்காய் என்றால் புளிக்குழம்பு. மரவள்ளிக்கிழங்கு அவித்த நாளில் சோறே கிடையாது, தேங்காய்ப்பூவும் மிளகாய்ச் சம்பாலும் போதும். இப்போது இதையெல்லாம் ஆரோக்கிய உணவு என்று சொல்லி, என் கைப்பேசிக்கு நாள் தவறாமல் யாராவது பாடம் அனுப்புகிறார்கள். எங்களுக்கு அது வெறும் சாயங்காலச் சாப்பாடு. இன்றும் மழை பெய்யும் சாயங்காலங்களில் அந்தக் கீரையின் மணத்துக்கு மனம் ஏங்குகிறது. அடுப்பு முன்னால் அம்மா, வாசலில் தேங்காய் துருவும் அப்பா, இருவருக்கும் நடுவில் சும்மா போய் வந்துகொண்டிருந்த நான். அவ்வளவு நிம்மதியாக அதற்குப் பிறகு நான் இருந்ததில்லை.

பக்கத்து வீட்டு அக்காவும் அம்மாவோடு மருந்தடித்தவர். மிஞ்சிய பூச்சி மருந்தைப் போத்தலில் கொண்டுவந்து தன் பாத்திக்கு அடிப்பார். அவர் வீட்டுக் கீரை ஓட்டை உடைசல் இல்லாமல் பளபளவென்று இருக்கும். தங்கமான மனுஷி. சாயங்காலத்தில் பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்து, ஒரே சட்டியில் சோற்றைப் பிசைந்து ஆளுக்கொரு வாயாக ஊட்டுவார். எனக்கு ஒரு நாள் பொறுக்கவில்லை. போய் அந்த வட்டத்தில் உட்கார்ந்துகொண்டேன். ரசமும் உருளைக்கிழங்கும். அக்கா ஒன்றும் கேட்காமல் எனக்கும் ஒரு வாய் ஊட்டினார். இரண்டாவது வாய்க்கு ஆவென்று திறந்தபோது அம்மா வந்து நின்றார்.

என்னை இழுத்துக்கொண்டு போய்க் குழாயடியில் நிறுத்தி வாய் கொப்பளிக்க வைத்தார். அக்கா பின்னாலேயே வந்துவிட்டார்.

“ஏன், என் கையில என்ன வெசமா இருக்கு? என் புள்ளைங்க தின்னுட்டு நல்லாத்தானே இருக்குதுங்க?”

“ஒங்கையி இல்லக்கா,” என்றார் அம்மா. “நம்ம கையி.”

அக்கா தொரசானி என்று ஏதோ முணுமுணுத்துக்கொண்டு உள்ளே போனார். சில நாள் இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. காலையில் எழுந்தால் இரண்டு பேரும் ஒரே வரிசையில் பம்பு தூக்க வேண்டும், எவ்வளவு நாள் முறைத்துக்கொண்டு இருக்க முடியும்? பேச்சு தானாக வந்துவிட்டது. ஆனால் அதற்குப் பிறகு, பிள்ளைகளுக்கு ஊட்டுவதற்கு முன்னால் அக்காவும் குழாயடியில் கொஞ்சம் கூடுதலாக நேரம் எடுத்துக்கொண்டதைப் பார்த்தேன்.

எனக்கும் அன்றுதான் காரணம் விளங்கியது. விளங்கிவிட்டால் ஆசை போய்விடுமா? அம்மா மேல் இருந்த கோபம் அந்தப் பம்பின் மேல் திரும்பியது, அவ்வளவுதான்.

படித்து முடித்து சுங்கைப் பட்டாணியில் வேலை கிடைத்ததும் நான் செய்த முதல் காரியம் அம்மாவை அந்த வேலையிலிருந்து நிறுத்தியதுதான். அங்கேயே பாக்கார் ஆராங்கில் ஒரு வரிசை வீடு வாங்கி, அப்பாவையும் அம்மாவையும் கூட்டி வந்தேன். கல்யாணத்துக்குப் பிறகும் அவர்கள் எங்களோடுதான் இருந்தார்கள். அப்பா சில வருடம் இருந்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். அம்மாவுக்கு நகங்கள் புதிதாக வளர்ந்து, நிறமும் திரும்பியது. கரண்டியை மட்டும் விடவில்லை.

“இப்பதான் மருந்தடிக்கலியேம்மா, கையால சாப்பிடேன்.”

“பழகிப்போச்சு, விடுலா.”

நானும் விட்டுவிட்டேன். பழக்கம்தான் என்று நம்பினேன்.

கார் நிறுத்தும் இடத்தை அம்மா செடி வளர்க்கும் தொட்டிகளும் பெயிண்ட் வாளிகளும் பிடித்துக்கொண்டன. கார் வெளியே வெயிலில் நிற்கிறது. நான் ஒருமுறை பேரங்காடியில் ‘இயற்கை முறையில் விளைந்தது’ என்று ஒட்டியிருந்த கீரையை விலை கொடுத்து வாங்கி வந்தேன். அம்மா கட்டைப் பிரித்து, இலை இலையாகத் திருப்பிப் பார்த்தார். “ஒரு ஓட்டகூட இல்லியே. இத ஒரு புழுவும் மதிக்கல போல” என்றார். பீடோங் பாசாரில் கீரை விற்கும் மலாய்க்கார அக்கா இப்போது எங்களுக்கென்று ஓட்டை விழுந்த கட்டுகளைத் தனியாக எடுத்து வைக்கிறார். ஆரம்பத்தில் நாங்கள் முயல் வளர்க்கிறோம் என்று நினைத்தாராம்.

சென்ற வருடம் மழையில் மோட்டார் சைக்கிள் வழுக்கி விழுந்து என் வலது மணிக்கட்டு உடைந்தது. மாவுக்கட்டுப் போட்டு அனுப்பிவிட்டார்கள். மறுநாள் வீட்டுக்காரர் வேலைக்குப் போய்விட, மதியம் நானும் அம்மாவும்தான். இடது கையில் கரண்டியைப் பிடித்துக் கீரைச்சோற்றை அள்ளினேன். வாய்க்குப் போனதைவிட மடியில் விழுந்தது அதிகம். எரிச்சலில் கரண்டியைத் தட்டிலேயே எறிந்தேன்.

அம்மா எழுந்து சமையலறைக்குப் போனார். குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடியும் ஓடியது. முழங்கை வரை ஈரத்தோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, தட்டைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். ஆனால் சோற்றைத் தொடவில்லை. கையை விரித்து என் மூக்குக்கு முன்னால் நீட்டினார்.

“மோந்து பாரு. மருந்து வாசம் வருதா?”

அம்மா பம்பை இறக்கி வைத்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. முகர்ந்து பார்த்தேன். சவுக்காரமும் கொஞ்சம் வெங்காயமும்தான் மணத்தது.

“வரலம்மா.”

அவர் என்னை நம்பவில்லை. தானும் ஒருமுறை முகர்ந்து பார்த்துக்கொண்டார். பிறகு சோற்றைப் பிசைந்து, சின்னதாக ஓர் உருண்டை உருட்டி என் வாயில் வைத்தார். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. வாயில் சோறு இருந்ததால் சத்தம் வரவில்லை.

“காரமா இருக்கா?” என்று கேட்டார்.

ஆமாம் என்று தலையாட்டினேன்.

கட்டுப் பிரித்த பிறகும் கை வலிக்கிறது என்றுதான் பல நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் பயந்துபோய் மறுபடியும் கிளினிக்குக்குப் போகலாம் என்றார். அம்மா கை கழுவப் போனார்.