பேரிங் சூடும் ஒரு முழு மந்திரமும்

எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்பது திருகோணமலைத் துறைமுகத்தில் எல்லோருக்கும் தெரியும். எண்ணெய் விஷயத்தில் அது இன்னும் கூடும். குடாவைக் கடந்து மூதூருக்கு ஆளேற்றிய லாஞ்சு என்கிற மோட்டார்ப் படகு ஒன்றில் அறுபதுகளில் நான் எஞ்சின் பார்த்தேன். அந்தக் காலத்தில், எனக்குத் தெரிய, எஞ்சின் எண்ணெயைத் தவிர வேறு எண்ணெய்ப் போத்தலோடு ஒருவரும் எஞ்சின் அறைக்குள் இறங்கியதில்லை.

லாஞ்சுக்காரரிடம் ஒரு வழக்கம் இருந்தது. எஞ்சினைக் கழற்றிப் பூட்டினால், முதல் ஓட்டத்துக்கு முன் மாதா கோயில் விளக்கிலிருந்து கொஞ்சம் தேங்காயெண்ணெய் கொண்டுவந்து சுழலும் தண்டைத் தாங்குகிற பேரிங்கின் எண்ணெய்க் கிண்ணத்தில் விடுவார்கள். மாதாவிடம் எனக்குப் பக்தி குறைவில்லை. ஆனால் விளக்கெரிக்கிற எண்ணெய் விளக்குக்கு, எஞ்சின் எண்ணெய் எஞ்சினுக்கு என்று சண்டை பிடிப்பேன்.

வெறும் வாய்ச்சண்டை இல்லை. பட்டறை மூலையில் நானே ஒரு சோதனை மாதிரி அமைத்திருந்தேன். பழைய தண்டு ஒன்று, அதைச் சுற்ற ஒரு சின்ன மோட்டார், தண்டைத் தாங்க ஒரு பேரிங், பாரத்துக்கு இரும்புக் கட்டிகள், சொட்டுச் சொட்டாய் விழும் எண்ணெய், ஒரு வெப்பமானி. சூடு ஏறுவதைக் கட்டத்தாளில் கோடாக வரைவேன். புதுப் பேரிங்கில் கண்ணுக்குத் தெரியாத மேடுகள் இருக்கும். அவை உரசித் தேயும்வரை சூடு விறுவிறுவென்று ஏறும். தேய்ந்து வழவழப்பானதும் தண்டு எண்ணெயின் மேல் மிதந்து சுற்றும், கோடும் வளைந்து படுத்துவிடும். அதுவரை அரை வேகமும் பொறுமையும் வேண்டும். எனக்குப் பொறுமை படிப்பிக்க ஓர் இயந்திரம் தேவைப்பட்டது என்று தங்கச்சி கேலி செய்வாள்.

அவள் நகரத்தில் பள்ளிக்கூட ஆசிரியை. என்னோடுதான் இருந்தாள். மாப்பிள்ளை எங்கள் சொந்த ஊரான மூதூர். முன்பு அவளுக்குப் பேசிய ஒரு சம்பந்தம், நாள் தள்ளிப் போனதிலேயே குழம்பிப் போயிருந்தது. இந்த முறை சனிக்கிழமை மூதூர்க் கோயிலில் காலைப் பூசையில் கலியாணம். மறுநாள் கிறிஸ்து பிறப்புக்கு முந்திய திருவருகைக் காலம் தொடங்கிவிடும். பிறகு நத்தார் முடியும்வரை கோயிலில் கலியாணம் வைக்கமாட்டார்கள். இன்னொரு தரம் நாள் தள்ளினால் அவள் தாங்கமாட்டாள் என்று எனக்குத் தெரியும்.

அந்தக் கிழமை பார்த்துத்தான் லாஞ்சின் பேரிங் உருகியது. புது ஈயம் வார்த்து, சுரண்டி, பூட்டி முடித்தபோது கடல் கொந்தளித்தது. தெருவெல்லாம் வெள்ளம். சனி விடியத்தான் குடா கொஞ்சம் அடங்கியது. ஆகவே புதுப் பேரிங்கின் முதல் ஓட்டமே பெண்ணை ஏற்றிக்கொண்டு போகிற ஓட்டமாயிற்று.

தகப்பன் இல்லாத எங்களுக்கு மாமாதான் பெரியவர். எஞ்சின் அறை வாசலில் குனிந்து, "தம்பி, இதென்ன மாட்டுவண்டியே? கொஞ்சம் விட்டு ஓட்டு," என்றார்.

"ஏலாது மாமா. இப்ப விரட்டினா நடுக்கடலில நிப்பம்."

பேரிங்கின் சூட்டை நாங்கள் கையால்தான் பார்ப்போம். மூடியில் உள்ளங்கையை வைத்து ஓர் 'அருள் நிறைந்த மரியே' சொல்லவேண்டும். முழுமந்திரமும் கை பொறுத்தால் பயமில்லை. குடாவின் நடுவில் என் கை பாதி மந்திரத்தில் விலகியது. அதே நேரம் பப்படம் பொரிக்கிற வாசமும் வந்தது.

தேங்காயெண்ணெய்! சுக்கான் பிடித்திருந்தவரைப் பார்த்து நான் கத்திய கத்தல் மூதூரில் கேட்டிருக்கும். அவர் வாயைத் திறக்கும் முன், வெள்ளைச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தங்கச்சி ஏணியில் இறங்கி வந்தாள்.

"அவரை ஏசாதேங்கோ அண்ணா. நான்தான் விட்டனான்."

"நீயோ? ஏன்?"

"பயத்தில."

நான் பேரிங் பக்கம் திரும்பினேன். எஞ்சினை நிறுத்தி எண்ணெயை வடித்துக் கழுவலாம். ஆனால் அதற்குள் பூசை முடிந்துவிடும். நிறுத்தாமல் போனால் உருகவும் கூடும். பட்டறையில் இருந்த சோதனை மாதிரி எஞ்சின் எண்ணெயை மட்டும்தான் கண்டிருந்தது. தேங்காயெண்ணெயைப் பற்றி அதற்கும் எனக்கும் ஒன்றும் தெரியாது.

"உங்கட சூட்டுக் கோடு எவ்விடத்தில வளையும்?" என்று கேட்டாள்.

"கோயில் கோபுரம் தெரியிற நேரத்தில வளையவேணும்."

"அப்ப போவம்."

போனோம். நான் மறுபடி கை வைத்தேன். பாதியைக் கொஞ்சம் தாண்டியதும் எடுத்துவிட்டேன். "நீங்கள் பயத்தில எடுக்கிறியள்," என்று அவள் தன் கையை வைத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு மெல்ல மந்திரம் சொன்னாள். எடு என்றேன், எடுக்கவில்லை. ஆமென் சொல்லித்தான் எடுத்தாள். மேலே மாமா "கோபுரம் தெரியுது!" என்று கூவினார். நான் வைத்தபோது மந்திரம் முடிந்த பிறகும் கை பொறுத்தது. எஞ்சின் மேல் சாய்ந்து வெட்கமில்லாமல் அழுதேன். நிம்மதி என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் எனக்கு முழுதாய்த் தெரிந்தது.

பிறகு பட்டறை மாதிரியில் தேங்காயெண்ணெய் கலந்தும் ஓட்டிப் பார்த்தேன். அது உலோகத்தில் நன்றாய் ஒட்டுவதால் தொடக்கத்தில் கோடு கெதியாய், வழமையிலும் முந்தியே வளைந்தது. நாட்பட்டால் பிசினாகிவிடும். முதல் ஓட்டத்துக்கு மட்டும் ஒரு கரண்டி, திரும்பி வந்ததும் கழுவவேண்டும் என்று நானே சட்டம் போட்டேன். துறைமுகமே சிரித்தது, சிரிக்கட்டும்.

அன்று நாங்கள் கோயில் படி ஏறும்போது முதல் மணி அடித்துக்கொண்டிருந்தது. பூசை வைத்த சுவாமியார் இருவருடைய வலக்கைகளையும் சேர்த்து வைத்தார். அவள் உள்ளங்கை சிவந்து கன்றியிருந்தது, எஞ்சின் எண்ணெயும் போகவில்லை. மாப்பிள்ளை குனிந்து அந்தக் கையைப் பார்த்தார். பிறகு மற்றக் கையையும் கொண்டுவந்து அதை மூடிப் பிடித்துக்கொண்டார்.