சேவியர் சார் படத்துக்குப் போட்ட மாலை

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மயிலாப்பூரில் ஒரு ஹாலில், உயிரோடு இருக்கும் ஒரு மனிதரின் படத்துக்கு மாலை போட்டு, விளக்கேற்றி, ஜனங்கள் வரிசையில் நின்று பூப் போட்டார்கள்.

மாலை போட்டது நான் இல்லை. ஆனால் போட வைத்தது நான்தான்...

முதலிலிருந்து சொல்கிறேன். அடையாறு, மந்தைவெளிப் பக்கம் இருக்கும் நான்கு பேர் சேர்ந்து ஒரு ஸ்ட்ரிங் குவார்ட்டெட் நடத்துகிறார்கள். இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ. வயோலா வயலினுக்கு அண்ணன் என்றால், செல்லோ பெரியப்பா. தரையில் ஊன்றி, முழங்கால்களுக்கு நடுவில் பிடித்து வாசிக்க வேண்டும். மிருதங்கம் கிடையாது. ஆலாபனை கிடையாது. எல்லாம் பேப்பரில் எழுதி வைத்தபடி. இதற்கு மயிலாப்பூரில் ஆள் வருமா? வருகிறார்கள் — அதுவும் கேன்டீன் இல்லாமலே வருகிறார்கள்.

இந்த சீசனுக்கு அவர்கள் ஒரு யோசனை செய்தார்கள். நான்கு கச்சேரி, நான்கு ஓவியம். ஒவ்வொரு கச்சேரிக்கும் மேடை நடுவில் ஒரே ஓர் ஓவியம் இருக்கும். அதைப் பார்த்துக்கொண்டே கேட்க வேண்டும். முதல் கச்சேரிக்குக் காசிமேட்டுப் படகுகள். இரண்டாவதுக்கு வெறும் நீலக் கட்டங்கள். "இதுல எது சார் மேல் பக்கம்?" என்று பக்கத்து சீட்காரர் என்னிடம் கேட்டார். எனக்கும் தெரியவில்லை. இத்தனைக்கும் ஓவியத்தைப் பற்றி ஆரம்பத்தில் ஐந்து நிமிடம் பேசுகிறவன் நான்தான். ஹாலுக்குப் போன் செய்து ஏற்பாடுகளைக் கவனிப்பதும் என் தலையில்தான் விழுந்தது. பத்திரிகையில் பத்தி எழுதுகிறவன் சும்மாதானே இருப்பான் என்று எல்லோருக்கும் ஒரு நினைப்பு.

மூன்றாவது கச்சேரிக்கு ஓர் உருவப்படம். படத்தில் இருப்பவர் சேவியர் சார்.

செல்லோ வாசிக்கும் ஸ்டெல்லா டீச்சரின் கணவர். பி.டி. மாஸ்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். மைதானத்தின் அந்தக் கோடிக்குக் கேட்க அவருக்கு விசில் தேவைப்பட்டதில்லை. எட்டு மாதம் முன்பு பைபாஸ் ஆபரேஷன். நன்றாகத்தான் முடிந்தது. ஆனால் அதன்பிறகு மனிதர் மந்தைவெளி வீட்டின் இரண்டாவது மாடியை விட்டு இறங்கவே இல்லை. டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். இவர் ஹாலிலிருந்து கிச்சன் வரை நடந்தார். ஞாயிற்றுக்கிழமை பூசையைக்கூட டிவியில் பார்த்துக்கொண்டார். "படி இறங்குறப்போ ஏதாவது ஆயிட்டா?" — கேட்டால் இது ஒன்றுதான் பதில்.

"ஹார்ட் சரியாயிடுச்சுன்னு டாக்டர் சொல்றார். இவர்தான் நம்ப மாட்டேங்கிறார்," என்று டீச்சர் ஒருநாள் என்னிடம் சொன்னார். "பயத்துலயே உட்கார்ந்திருக்கார் சார். நான் என்ன பண்றதுன்னே தெரியல." அழவில்லை. செல்லோவைத் துணியால் துடைத்துக்கொண்டே சொன்னார். எனக்குத்தான் சங்கடமாக இருந்தது.

டீச்சரின் தோழி ரேவதி ஓவியர். மூன்று வாரம் அந்த வீட்டுக்குப் போய் சேவியர் சாரை வரைந்தார். பால்கனி நாற்காலி, எட்டு மாதத் தாடி, தோளில் துண்டு, ஆறிப்போன காபி, கீழே தெருவைப் பார்க்கும் கண்கள். இந்தப் படத்தை வைத்து, செல்லோ தனியாக ஆரம்பிக்கும் ஒரு மெதுவான பகுதியை வாசிப்பதென்று முடிவானது. டீச்சர் கணவரிடம் கறாராகச் சொல்லிவிட்டார். "உங்க படத்துக்கு முன்னாடி வாசிக்கப் போறேன். நீங்க வந்தாத்தான் வாசிப்பேன்."

ஒரு வாரம் சண்டை. கடைசியில் சம்மதித்தார். ஆனால் கடைசி வரிசையில்தான் உட்காருவார். அதுவும் கதவுப் பக்கத்து சீட். வந்த ஆட்டோ வாசலிலேயே நிற்க வேண்டும்.

இப்போது என் பங்குக்கு வருகிறேன்.

ஹாலைப் பார்த்துக்கொள்பவர் ஏகாம்பரம். ராயப்பேட்டைக்காரர். கல்யாண ரிசப்ஷன், புத்தக வெளியீடு, இரங்கல் கூட்டம் எதுவானாலும் அவர்தான் மேடை போட வேண்டும். அவரிடம் நான் போனில் சொன்னது, வார்த்தைக்கு வார்த்தை இதுதான்: "ஒரு அம்மா வாசிக்கிறாங்க. அவங்க வீட்டுக்காரர் படத்தை மேடை நடுவுல வைக்கணும். கொஞ்சம் மரியாதையா பண்ணிடுங்க."

நீங்களே சொல்லுங்கள். நம் ஊரில் இதைக் கேட்ட ஒருவர் வேறு என்ன நினைப்பார்?

ஞாயிற்றுக்கிழமை மெட்ரோ ரயிலுக்குத் தோண்டிய பள்ளங்களைச் சுற்றிச் சுற்றி நான் போய்ச் சேர்ந்தபோது, ஆரம்பிக்கப் பதினைந்து நிமிடம்தான் இருந்தது. வாத்தியக்காரர்கள் உள்ளே அறையில் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார்கள். ரேவதி வெளியூரில். ஹாலுக்குள் நுழைந்தால் ஊதுபத்தி வாசனை. மேடையில் சேவியர் சார். ஃப்ரேமைச் சுற்றி சந்தன மாலை. படத்தின் கண்ணாடி மேல், சரியாக நெற்றியில், குங்குமப் பொட்டு. முன்னால் குத்துவிளக்கு. மேடைப் படியருகில் தாம்பாளத்தில் ரோஜா இதழ்கள். ரசிகர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு ஒருவர் பின் ஒருவராக ஏறிப் பூப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஏகாம்பரத்தைப் பிடித்தேன்.

"என்னங்க இது?"

"இன்னா சார், நீங்கதானே மரியாதையா பண்ணச் சொன்னீங்கோ. மால நம்ம பீரோவுல எப்பவும் ரெடியா கீது."

"அவர் உயிரோட இருக்கார்ங்க."

ஏகாம்பரம் படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "உசுரோட கீற ஆளுக்கு இன்னாத்துக்கு சார் படம் வெக்கிறீங்கோ?"

நியாயமான கேள்வி. இங்கே ஒருவர் உயிரோடு இருக்கும்போதே படம் மேடையேற வேண்டுமென்றால் அவர் தலைவராக இருக்க வேண்டும், இல்லையென்றால் கல்யாண மாப்பிள்ளையாக இருக்க வேண்டும். சாதாரண மனுஷன் ஒருவன் முகத்தை நாலு பேர் நின்று பார்த்து, நல்ல மனுஷன் என்று சொல்ல வேண்டுமென்றால்... அவன் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். நாம் அப்படித்தான் பழகிவிட்டோம்.

மாலையை எடுக்க மேடைக்கு ஓடினேன். பாதி வழியில் திரும்பினால், கதவருகில் சேவியர் சார்.

டீச்சர் ஒத்திகைக்காக முன்னாலேயே வந்துவிட்டதால் தனியாக வந்திருந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. தாடியை மழித்திருந்தார். ஒரு கை கதவைப் பிடித்திருந்தது. எட்டு மாதம் கழித்து வெளியே வந்த மனிதர் இதையா பார்க்க வேண்டும்? போச்சு, என்று நினைத்தேன். இப்படியே திரும்பி ஆட்டோவில் ஏறினாரென்றால், இனி அந்த மாடியை விட்டு இறங்கவே மாட்டார். டீச்சர் முகத்தில் நான் எப்படி முழிப்பது?

அவர் திரும்பவில்லை. மெதுவாக மேடைப் பக்கம் நடந்து வந்தார். அங்கே நின்றிருந்த ஒரு மாமி, மழித்த முகத்தை அடையாளம் தெரியாமல், தாம்பாளத்தை அவர் முன்னால் நீட்டினார்.

"நீங்களும் ரெண்டு போடுங்கோ."

"யாருங்க இவர்?" என்றார் சேவியர் சார்.

"செல்லோ வாசிக்கறாளே, அவ ஆத்துக்காரராம். ரொம்ப நல்ல மனுஷராம். பாவம்."

"நல்ல மனுஷன்தான். ஆனா எட்டு மாசமா வீட்டை விட்டு இறங்க மாட்டேன்னு பொண்டாட்டி உயிரை எடுத்துட்டான்."

மாமி உச்சுக் கொட்டினார். சேவியர் சார் இரண்டு இதழை எடுத்துக்கொண்டு, படியேறிப் போய், தன் படத்துக்குத் தானே போட்டார். படியேறியதை அவர் கவனித்தாரா, தெரியாது. நான் கவனித்தேன்.

அதற்குள் வில்லும் கையுமாக டீச்சர் மேடைக்கு வந்துவிட்டார். மாலையையும் விளக்கையும் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"யார் பண்ணினது இது?"

நான் கையைத் தூக்கினேன். பின்னாலேயே வந்த ஏகாம்பரமும் தூக்கினார்.

"மன்ச்சுக்கோ சார்," என்றார் சேவியர் சாரிடம். "பீரோவுல இருந்துச்சு, எடுத்துப் போட்டுட்டேன்."

சேவியர் சார் தன் கையாலேயே மாலையைக் கழற்றி அவரிடம் கொடுத்தார். "பீரோவுலயே பத்திரமா வைங்க. இப்போதைக்கு வேணாம்." பிறகு மனைவியைப் பார்த்தார். "நீ வாசி ஸ்டெல்லா. சாவு வீடு மாதிரி மட்டும் வாசிச்சுடாத."

டீச்சர் அழுதார். உடனே சிரித்தார். மாமி, "பாவம்னு வேற சொல்லிட்டேனே," என்று தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

கதவுப் பக்கத்து சீட் காலியாகவே இருந்தது. சேவியர் சார் முதல் வரிசையில் உட்கார்ந்தார். என்னைக் கூப்பிட்டு, ஆட்டோவைப் போகச் சொல்லுங்கள் என்றார். நான் தயார் செய்து வைத்திருந்த ஐந்து நிமிடப் பேச்சைப் பேசவில்லை. அதற்கு அப்புறம் பேச என்ன இருக்கிறது?

செல்லோ தனியாக ஆரம்பித்தது. தாளம் போட்டே பழகிய ரசிகர்களின் கைகள் தொடையில் கொஞ்ச நேரம் தேடிப் பார்த்துவிட்டு ஓய்ந்தன. மேடையில் தாடியோடு ஒரு சேவியர் சார் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். கீழே ஒரு சேவியர் சார் மனைவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பொட்டைத் துடைக்க எல்லோருமே மறந்துவிட்டோம்.

செவ்வாய்க்கிழமை காலை லஸ் பக்கம் பூங்காவில் பழைய கேன்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு ஒருவர் நிதானமாக நடந்துகொண்டிருந்தார். கிட்டே போனேன். "சார், பயமெல்லாம் போயிடுச்சா?"

சேவியர் சார் நிற்கவில்லை. நடந்துகொண்டே சொன்னார்: "மாலை போட்டு, விளக்கேத்தி, பூவும் போட்டாச்சு. அதுல ரெண்டு நானே போட்டேன். இனிமே பயப்பட என்ன பாக்கி இருக்கு?"

மாலை ஏகாம்பரத்தின் பீரோவில் பத்திரமாக இருக்கிறது. அங்கேயே இருக்கட்டும்.