பின்கட்டு நாற்காலி

அன்று நான் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு சர்பஞ்சு வீட்டுக் கூடத்தின் நடுவே நடந்து போனது யாருக்காக? முற்றத்தில் நின்றிருந்த மனிதருக்காகவா, எனக்காகவா? எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன். ஒரு நாள் ஒரு பதில் சரியாகத் தெரிகிறது, மறுநாள் அது பொய்யாகத் தெரிகிறது.

ஆந்திராவில், பிச்சாட்டூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். பஞ்சாயத்துத் தலைவரை இங்கே சர்பஞ்சு என்போம். கிராமப் பஞ்சாயத்தில் ஒரு பெண் இருந்தே ஆக வேண்டும் என்பது சட்டம். நான் சித்தூரில் மிஷன் ஹாஸ்டலில் தங்கி எஸ்.எஸ்.எல்.சி. படித்தவள். வாத்தியார் வீட்டு மருமகள். அதிர்ந்து பேசத் தெரியாது. கையில் குழந்தை வேறு. இப்படி ஒருத்தி கிடைத்தால் யாருக்குத்தான் வசதியாக இருக்காது? போட்டியில்லாமல் என்னை மெம்பர் ஆக்கினார்கள். என் வீட்டுக்காரர் திருப்பதியில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறார், முதல் பஸ்ஸுக்குப் போய் கடைசி பஸ்ஸுக்கு வருவார். "கூப்பிட்டா போ. கையெழுத்து போடு. வந்துடு. வேற எதுலயும் தலையிடாத" என்றார். நானும் சரியென்றேன். சொன்னதைச் செய்து பழகியவள் நான்.

பஞ்சாயத்துக்கென்று கட்டிடம் கிடையாது. கூட்டம் சர்பஞ்சு வீட்டில்தான் நடக்கும். கூடத்தில் பாய் விரித்து அவரும் மற்ற மெம்பர்களும் கிளார்க்கும் உட்காருவார்கள். காலனிக்கென்று ஒதுக்கிய இடத்தில் ஜெயித்த மெம்பர் முற்றத்தில் நிற்பார். அவர் சர்பஞ்சு நிலத்தில் கடலைக்காய் பிடுங்குகிறவர், வயது நாற்பதுக்கு மேல் இருக்கும். எனக்கு வீட்டின் பின்கட்டில், சமையலறைக் கதவோரம் ஒரு மர நாற்காலி போடுவார்கள். பக்கச் சந்து வழியாக வந்து அதில் உட்கார வேண்டும். நேர்வாசல் வீடு அது. பின்கட்டிலிருந்து பார்த்தால், கூடத்தில் இருப்பவர்களின் தலைகளுக்கு மேலே, முற்றத்தில் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்கும் அவர் முகம் தெரியும். ஒரே கூட்டத்தில் இரண்டு பேர் இரண்டு பக்கமும் வெளியே இருந்தோம்.

அந்த நாற்காலியைப் பற்றி என் மாமியாருக்குப் பெருமை. எங்கள் குடும்பம் கிறிஸ்தவ சபையில் சேர்ந்து மூன்று தலைமுறை ஆகிறது. அதற்கு முன்னால் நாங்கள் எந்தத் தெருவில் இருந்தோம் என்பதை ஊர் மறக்கவில்லை, நாங்களும் மறக்கவில்லை. மாமனார் சர்பஞ்சின் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவர் என்பதால் கிடைத்த மரியாதை அது. "உங்க மாமா பாடுபட்டு வாங்கின குர்ச்சி. பாத்து உக்காரு" என்பார்.

அந்த வருஷம் மழை ஏமாற்றியது. காலனிக்காரர்கள் ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டி, கொட்டாங்கச்சியால் மொண்டு குடத்தை நிரப்பினார்கள். வயிற்றுப்போக்கு வந்தது. காலனி மெம்பரின் கடைசிக் குழந்தையும் என் பிள்ளையும் ஒரே மாதத்தில் பிறந்தவர்கள். அந்தக் குழந்தைக்கும் பேதி ஆக ஆரம்பித்ததும் நான் பார்லித் தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தனுப்பினேன். கொடுத்துவிட்டு, அந்தக் கிண்ணத்தைத் திரும்ப வாங்கலாமா, என் குழந்தைக்கு ஒட்டிக்கொள்ளுமா என்று ராத்திரி முழுக்கப் பயந்தேன். குழந்தை பிழைத்தது. காலெல்லாம் சூம்பி, பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

அப்போதுதான் பஞ்சாயத்துகளுக்கு மேலே இருக்கும் சமிதியிலிருந்து, போர் போடும் ரிக் வண்டி வரப்போகிறது, காலனிக்கு ஒரு கைப்பம்பு போடலாம், எந்த இடமென்று தீர்மானம் எழுதி அனுப்புங்கள் என்று தகவல் வந்தது. கூட்டம் போட்டார்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு சந்து வழியாகப் போய் என் இடத்தில் உட்கார்ந்தேன்.

சர்பஞ்சு தன் மச்சான் தோப்போரமாக ஒரு இடத்தைச் சொன்னார். காலனியிலிருந்து வரப்பு மேலே நடந்து போகவேண்டிய இடம். தோப்புக்காரர் படலைச் சாத்தினால் தண்ணீர் இல்லை.

"ஏமிரா, சரிதானே?" என்று முற்றத்தைப் பார்த்துக் கேட்டார்.

"உங்க இஷ்டம் அய்யா" என்றார் காலனி மெம்பர்.

"காலனிக்கு நடுவுல போடணும்" என்றேன் நான். என் குரல் சமையலறைப் புகையைத் தாண்டவில்லை. கிளார்க் திரும்பிக்கூடப் பார்க்காமல், "அம்மாவும் சம்மதம்" என்று எழுதிக்கொண்டார்.

நான் எழுந்தேன். ஒரு கையில் குழந்தை, ஒரு கையில் நாற்காலி. சந்து வழியாகச் சுற்றிப் போயிருக்கலாம். அது தோன்றவில்லை என்று சொன்னால் பொய். தோன்றியது, வேண்டாமென்று நேராகக் கூடத்துக்குள் நுழைந்தேன். நாற்காலிக் கால் யார் முதுகிலோ இடித்தது. முற்றத்தில் இறங்கி, காலனி மெம்பர் பக்கத்தில் நாற்காலியை வைத்தேன்.

"உக்காருங்க" என்றேன்.

அவருக்கு வியர்த்துவிட்டது. "நீ உக்காரும்மா. கொழந்த வெச்சிக்கினு நிக்கிற."

"நீங்க உக்காந்தா நான் தரையில உக்காருவேன். இல்லன்னா ரெண்டு பேரும் நிப்போம்."

நின்றோம். நடுவில் நாற்காலி காலியாக இருந்தது.

சர்பஞ்சு சிரித்தார். "இன்னாம்மா வாத்தியார் மருமகளே, இது இன்னா சர்ச்சா? எல்லாரும் எழுந்து நிக்கிறீங்க. பாட்டு பாடப் போறீங்களா?" கூடமே சிரித்தது.

"நான் சம்மதம்னு சொல்லல. எழுதினதை அடிங்க" என்றேன். குழந்தை அழ ஆரம்பித்தது. "அவரும் மெம்பர்தான். அவரை உள்ள கூப்பிடுங்க. இல்ல கூட்டத்தை ஸ்கூல்ல வைங்க. இது உங்க வீட்டுக் கல்யாணம் இல்ல."

கடைசி வாக்கியம் எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை. சிரிப்பு நின்றது. சர்பஞ்சு பாயை உதறிக்கொண்டு எழுந்தார். "மீட்டிங் இல்ல. போங்க எல்லாரும்."

தீர்மானம் போகவில்லை. ரிக் வண்டி எங்கள் ஊர் ரோட்டிலேயே தூசி கிளப்பிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போனது. காலனி மெம்பருக்குக் கடலை வேலை நின்றது. நகரிப் பக்கம் கல் உடைக்கப் போனார். ஊரில் எனக்கு 'குர்ச்சியம்மா' என்று பெயர் வந்தது. மாமியார் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. வீட்டுக்காரர் மட்டும், "இடிச்சது யார் முதுகுல?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். சிரிப்பில் அவர் முதுகு குலுங்கியது.

காலனி மெம்பரின் மனைவி என் வாசலுக்கே வந்து கேட்டாள். "உனுக்கு வீட்டாண்ட கெணறு இருக்குது. குர்ச்சிக்குச் சண்ட போடுவ. எம் புள்ளைங்க குர்ச்சியவா குடிக்கும்?"

ஞாயிற்றுக்கிழமை காலனி மெம்பர் வந்தபோது மன்னிப்புக் கேட்கத்தான் நினைத்தேன். அவர் அதற்கு இடம் கொடுக்கவில்லை. "நான் உக்காரலன்னு கோவமாம்மா?"

"உங்களைக் கேக்காம செஞ்சேனேன்னு என் மேலதான் கோவம்."

"கேட்டிருந்தா வேணாம்னுதான் சொல்லியிருப்பேன்" என்று சிரித்தார். "ஆனா ஒண்ணு. அன்னிக்கு அவங்க வீட்டு குர்ச்சி, அதான் உக்காரல. பஞ்சாயத்து காசுல குர்ச்சி வாங்கிப் போடட்டும், கால் மேல கால் போட்டு உக்காருறேன். இனிமே அந்த முற்றத்துல போய் நிக்க மாட்டேன்."

இருவருமாக சமிதி ஆபீசுக்கு மனு எழுதினோம். கூட்டம் பள்ளிக்கூடத்தில் நடக்க வேண்டும், எல்லா மெம்பரும் ஒரே இடத்தில் உட்கார வேண்டும் என்று இரண்டே வரி. பதில் வரவில்லை. மறுபடி எழுதினோம்.

இப்போது திரும்பவும் ரிக் வண்டி வருகிறது. போன வாரம் கிளார்க் வீட்டுக்கு வந்து சர்பஞ்சு சொன்னதாகச் சொன்னார். பம்பு காலனிக்கு நடுவிலேயே, நான் கேட்ட இடத்திலேயே. ஒரு வார்த்தை மாறாது. கூட்டம் மட்டும் அவர் வீட்டில், முன்போல. காலனி மெம்பர் முற்றத்தில், நான் பின்கட்டில். வேறு இரண்டு மெம்பர்கள் சர்பஞ்சோடு பகைத்துக்கொண்டு வருவதில்லை. அதனால் நாங்கள் இருவரும் போகாவிட்டால் ஆள் சேராது, தீர்மானம் செல்லாது.

காலனி மெம்பர் போகமாட்டேன் என்கிறார். அவர் மனைவி, "ஒரு மணி நேரம் நின்னா கால் ஒடிஞ்சிடுமா?" என்று அவரோடு தினமும் சண்டை போடுகிறாள். அவரைப் போகச் சொல்லும்படி என்னைக் கெஞ்சுகிறாள். அவள் இடுப்பில் அந்தக் குழந்தை.

எனக்கு மறுபடியும் பின்கட்டில் உட்கார மனமில்லை, அதைத் தெளிவாகவே சொல்லிவிடுகிறேன். தண்ணீர் தருவது பஞ்சாயத்தின் கடமை. சர்பஞ்சு வீட்டுச் சொத்தைக் கொடுப்பதுபோல அதற்கு விலை பேசுவதை நான் ஒப்புக்கொள்ளப் போவதில்லை. ஆனால் கிணறு உள்ள வீட்டிலிருந்து இதை எழுதுகிறேன் என்பதும் எனக்குத் தெரியும்.

பஞ்சாயத்தில் இருக்கும் பெண்கள், இருந்த பெண்கள், குழாயடியில் காத்து நின்ற யாராக இருந்தாலும் எனக்கு எழுதுங்கள். அவரை அந்த முற்றத்துக்குப் போகச் சொல்லலாமா? நான் போகலாமா? போகாமலே இந்தக் கோடைக்குள் தண்ணீர் வாங்க உங்கள் ஊரில் யாராவது வழி கண்டிருந்தால், யாரிடம் போனார்கள், என்ன சொன்னார்கள் என்று விவரமாக எழுதுங்கள். கூட்டம் பொங்கல் கழித்து. அதற்கு முன்னால் கிடைக்கும்படி எழுதினால் உதவியாக இருக்கும்.